விலை தெரிந்த மீன்

 புலிக்கும் யானைக்கும் பேச ஆள் நிறைய உண்டு. இன்றைய சொற்பொழிவு ஒரு சாண் நீளம்கூட வளராத ஒரு மீனைப் பற்றியது.

1997-இல் சிங்கப்பூரில் அக்குவாராமா என்னும் பன்னாட்டு வண்ணமீன் கண்காட்சி நடந்தது. தொட்டிமீன் வணிகம் செய்பவர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து கூடி, அடுத்த சில ஆண்டுகளுக்கு எந்த மீன் விலைபோகும் என்று கணிக்கும் இடம் அது. அந்த ஆண்டு புதிய மீன்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது, கேரளத்து மலையோடையில் பிடித்து அனுப்பிய ஒரு கெண்டை இனம். மேடையில் முதலிடம் வாங்கிய மீனை இன்று நினைவு வைத்திருப்பவர் அரிது. மூன்றாவதாக வந்த மீனோ பத்தே ஆண்டுகளில் இந்திய வண்ணமீன் ஏற்றுமதியின் பெரும்பங்கைத் தன் முதுகில் சுமக்கத் தொடங்கியது. வணிகர்கள் அதற்கு வைத்த பெயர் மிஸ் கேரளா.

அந்த ஆண்டில் இந்த மீனின் விலை டாலர் கணக்கில் தெரிந்துவிட்டது. அது எந்த மாதத்தில் முட்டையிடும், எத்தனை முட்டையிடும், எத்தனை ஆறுகளில் இருக்கிறது, அது ஒரே இனமா இரண்டா என்பவை தெரிய அதன் பிறகும் ஆண்டுகள் பிடித்தன. விலை முந்தியது, உயிரியல் பிந்தியது. இந்தச் சொற்பொழிவு அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

மீனும் அதன் நீரும்

முதலில் மீனைப் பார்த்துவிடலாம். வெள்ளி நிற உடல். மூக்கு நுனியில் தொடங்கும் சிவப்புக் கோடு ஒன்று கண்ணை ஊடுருவிக்கொண்டு உடலின் நடுப்பகுதிவரை ஓடும். அதன் கீழே மூக்கிலிருந்து வாலடிவரை ஒரு கருங்கோடு. முதுகுத் துடுப்பின் முன்விளிம்பு சிவந்திருக்கும். வாலின் இரு கவடுகளிலும் கறுப்பும் மஞ்சளும் பட்டையாகத் தெரியும். முழு வளர்ச்சியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். மலையாளத்தில் செங்கணியான் என்றும் சோரக்கணியான் என்றும் வழங்கும். அறிவியல் பெயர் சஹ்யாத்ரியா டெனிசோனியை.

உடலமைப்பைப் பார்த்தாலே அது வாழும் நீர் எப்படிப்பட்டது என்று ஊகிக்கலாம். இருமுனையும் ஒடுங்கி, பக்கவாட்டில் மெலிந்த இந்த உடல் ஓட்டமுள்ள நீருக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில், பாறை இடுக்குகளில் விழுந்தோடி வரும் ஓடைகளில், அடிமணலும் கூழாங்கல்லும் தெளிவாகத் தெரியும் மடுக்களில், கரையோர மரங்கள் நீரின்மேல் கவிந்திருக்கும் இடங்களில் அது கூட்டமாக வாழ்கிறது. கரைமரம் நிழல் தருகிறது, நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது, இலையும் பூச்சியும் உதிர்க்கிறது. மரத்தை வெட்டினால் மீன் உடனே சாகாது. நீர் சூடேறி, கரைமண் சரிந்து, கூழாங்கல்லின்மேல் சேறு படிந்த பிறகு அந்த மடு அதற்கு ஆகாது.

தெற்கே அச்சன்கோவிலாறு, பம்பை; வடக்கே சாலியாறு, வளபட்டணம் ஆறு, சந்திரகிரி ஆறு என்று மேற்கே பாயும் சில ஆறுகளில் மட்டுமே இது உண்டு. இந்த ஆறுகளில் பெரும்பாலானவை தனித்தனியே மலையிலிருந்து இறங்கிக் கடலை நோக்கி ஓடுகின்றன. ஓர் ஆற்றின் மேற்பகுதியில் வாழும் மீன் பக்கத்து ஆற்றுக்குப் போக வேண்டுமானால் மலையேற வேண்டும், இல்லையேல் கீழே போய்க் கடலுப்பில் நீந்த வேண்டும். இரண்டும் அதனால் ஆகாது. அதனால் ஒவ்வோர் ஆற்றுக் கூட்டமும் நெடுங்காலமாகத் தனித்தே வளர்ந்திருக்கிறது. ஆறுவாரியாகப் பிரிந்த பல மரபுவழிகள் இந்த மீன்களுக்குள் இருப்பதைப் பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின. சந்திரகிரியில் அற்றுப்போனால் அச்சன்கோவிலிலிருந்து கொண்டுவந்து விட்டுக்கொள்ளலாம் என்பது இந்த மீனிடம் செல்லாத கணக்கு.

சென்னை ஆளுநரின் பெயர்

இந்த மீனின் பெயரில் சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது. பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தவர். கொச்சியில் பணியாற்றியபோது சந்தைக்கு வரும் மீன், ஆற்றில் பிடிபடும் மீன் என எல்லாவற்றையும் சேகரித்தார். 1865-இல் மலபார் மீன்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1870-களில் வெளிவந்த அவருடைய இந்திய மீன்கள் பற்றிய பெருநூல் இன்றும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது.

அதே 1865-இல்தான், திருவிதாங்கூர் மலைப்பகுதியில் முண்டக்கயத்தில் கிடைத்த ஒரு செங்கோட்டு மீனை அவர் அறிவியல் உலகுக்கு அறிவித்தார். அப்போது சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் சர் வில்லியம் டெனிசன். 1861 முதல் 1866 வரை அந்தப் பதவியில் இருந்தவர். அதற்கு முன் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் ஆளுநர். மீனுக்கு அவர் பெயரையே டே சூட்டினார். மேலதிகாரியின் பெயரைப் புதிய உயிரினத்துக்கு வைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

அந்தப் பத்தாண்டின் போக்கையும் கவனிக்க வேண்டும். நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் ஐரோப்பிய மீன்களைக் கொண்டுவந்து விடும் முயற்சி தொடங்கியதும் 1860-களில்தான். டேயே அதில் ஈடுபட்டார். மலையோடை என்றால் தூண்டிலுக்கு டிரவுட் விட வேண்டிய இடம் என்ற எண்ணம்தான் அப்போது மேலோங்கி இருந்தது. அங்கே முன்பே நீந்திக்கொண்டிருந்த கெண்டைகளுக்கு ஒரு பெயர், ஒரு படம், அருங்காட்சியகத்தில் ஒரு குப்பி, அத்துடன் சரி. டே எழுதியதற்கும் சிங்கப்பூர் பரிசுக்கும் இடையே 132 ஆண்டுகள் போயின. அவ்வளவு காலத்திலும் இந்த மீனின் வாழ்க்கையைப் பற்றிச் சேர்ந்த அறிவு மிகக் கொஞ்சம்.

மடுவிலிருந்து விமானத்துக்கு

வணிகம் எப்படி நடந்தது? மழை ஓய்ந்து ஓடை இளைத்தபின் மீன் கூட்டங்கூட்டமாக மடுக்களில் ஒதுங்கும். நீர் தெளிவாக இருப்பதால் கரையில் நின்றே கூட்டத்தைப் பார்த்துவிடலாம். வலையை மடுவின் குறுக்கே பிடித்து, மீனை விரட்டி உள்ளே தள்ளிச் சுருக்கினால் ஒரு கூட்டம் அப்படியே சிக்கும். எந்தத் தெளிந்த நீர் அதற்கு வாழ்வு தந்ததோ அதே தெளிவு வலைக்காரருக்கும் வழி காட்டியது.

பிடித்த மீனைச் சேகரிப்பவர் வாங்குவார். சில நாள் தொட்டியில் வைத்துத் தேற்றி, ஆக்ஸிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் அடைத்து, தெர்மோகோல் பெட்டிகளில் அடுக்கி ஏற்றுமதியாளருக்கு அனுப்புவார். அங்கிருந்து சென்னை உள்ளிட்ட விமான நிலையங்கள் வழியாகச் சிங்கப்பூர், ஹாங்காங், ஐரோப்பா, அமெரிக்கா என்று மீன் பறக்கும். ஓடையில் இறங்கிப் பிடித்தவருக்குக் கிடைத்தது கூலி. லாபம் என்று சொல்லத்தக்கது சங்கிலியின் மறுமுனையில்தான். ஆனால் மலையடிவாரக் குடும்பங்களுக்கு அந்தக் கூலியும் ரொக்கப் பணம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மீனைக் காப்பாற்றிவிடலாம் என்று நினைப்பவர் இந்தச் சங்கிலியைப் பார்க்காதவர்.

கண்காட்சி நடந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு செய்தி வந்தது. சாலக்குடி ஆற்றில் வாழும் செங்கோட்டு மீன் வேறு இனம் என்று 1999-இல் ஏ.ஜி.கே. மேனன், ரேமா தேவி, தோபியாஸ் ஆகிய மூவரும் அறிவித்தார்கள். முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி உடைய அந்த மீன் சஹ்யாத்ரியா சாலக்குடியென்சிஸ் என்று இன்று வழங்குகிறது. சஹ்யாத்ரியா என்ற பேரினப் பெயரே இரு மீன்களுக்கும் 2013-இல்தான் கிடைத்தது. சாலக்குடி மீன், பெயர் வைப்பதற்கு முன்பே விலைபோனது. பெயர் வைத்த பிறகும் இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வணிகப் பெயரில் போயின. எந்த இனத்தில் எத்தனை போயிற்று என்ற கணக்கை ஏற்றுமதி ஏடுகளிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

மூன்று மாதங்கள்

2008-இல் கேரள மீன்வளத் துறை விழித்துக்கொண்டது. பிடிக்கும் அளவுக்கும் வலைக்கும் மீனின் நீளத்துக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. அவற்றுடன் ஜூன், ஜூலை, அக்டோபர் ஆகிய மூன்று மாதங்களில் இந்த மீனைப் பிடிக்கத் தடை. ஒரு மாநில அரசு ஒரு சிறு நன்னீர் மீனுக்காகத் தனியே விதி செய்தது பாராட்டத்தக்க செயல். அதில் ஐயமில்லை.

மாதங்களைத் தேர்ந்தெடுத்ததும் வெளிப்பார்வைக்கு நியாயமாகவே படும். கேரளத்தில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஆறுகளில் புதுவெள்ளம் வரும். பல மீன்கள் சினையோடு மேலேறி வயலுக்கும் வாய்க்காலுக்கும் வரும். இந்த ஏற்றத்தை ஊத்த என்று அங்கே சொல்வார்கள். நம் ஊர்ப்பக்கம் புதுத்தண்ணீருக்கு ஏறும் மீன் என்போம். ஆற்றுமீன் என்றால் மழைக்காலத்தில்தான் முட்டையிடும் என்பது ஊரறிந்த அறிவு. ஊரறிந்த அறிவு எல்லா மீனுக்கும் பொருந்துவதில்லை.

கொச்சி புனித ஆல்பர்ட் கல்லூரியின் ஆய்வுக் குழு சந்திரகிரி, வளபட்டணம், சாலியாறு ஆகிய மூன்று ஆறுகளில் மாதந்தோறும் மீன்களை எடுத்து, அவற்றின் சினையைச் சோதித்தது. 2011-இல் முடிவு வெளியாயிற்று. இந்த மீனின் இனப்பெருக்க காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. வெள்ளம் பாயும் ஜூனிலும் ஜூலையிலும் அல்ல. நீர் தெளிந்து, ஓட்டம் மட்டுப்பட்டு, கூழாங்கல் இடுக்கில் முட்டை தங்கக்கூடிய காலத்தில்தான். தடை விதித்த மூன்று மாதங்களில் அக்டோபர் ஒன்றுதான் பருவத்துக்குள் வந்தது. மற்ற இரண்டு மாதமும் ஆறு கலங்கி ஓடுவதால் இந்த மீனைப் பிடிக்கவே கடினமான நாட்கள். வலைக்காரருக்குப் பெரிய இழப்பில்லை. மீனுக்குப் பெரிய லாபமும் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை, சினை மீன் மடுவில் நிற்கும் காலம் முழுவதும், வலை இறங்க விதி இடம்விட்டது.

அதே ஆய்வு இன்னும் இரண்டு செய்திகளைச் சொன்னது. ஆண் மீன் ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டரிலும் பெண் மீன் 9.5 சென்டிமீட்டரிலும்தான் முதன்முறை இனப்பெருக்கத்துக்குத் தயாராகின்றன. வீட்டுத் தொட்டிக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் அதைவிடச் சிறிய குஞ்சுகளை. ஒருமுறைகூட முட்டையிடாத மீன்தான் சந்தைக்குப் பிடித்த மீன். இரண்டாவது, முட்டை எண்ணிக்கை. நம் ஏரிகளில் விடும் ரோகு, கட்லா போன்றவை லட்சக்கணக்கில் முட்டையிடும். இது இடுவது சில நூறிலிருந்து ஆயிரத்தை ஒட்டி. அள்ளியெடுத்தாலும் மீண்டும் பெருகிவிடும் என்று அத்தகைய மீன்களை நம்பலாம். இந்த மீனை அப்படி நம்ப முடியாது.

பெட்டிக்குள் என்ன?

விதி இருந்தது, விதியின் கதி என்ன ஆயிற்று? மீன் ஆய்வாளர் ராஜீவ் ராகவனும் உடன் ஆய்வாளர்களும் ஏற்றுமதிப் பதிவுகளைத் துருவிப் பார்த்து 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2005 முதல் 2012 வரையான காலத்தில் அழிவின் அபாயத்தில் உள்ள 30 நன்னீர் மீன் இனங்கள் இந்தியாவிலிருந்து போயிருந்தன. எண்ணிக்கையில் குறைந்தது 15 லட்சம் மீன்கள். அவற்றில் முன்னணியில் நின்றவை மூன்று: வரிக்குதிரைக் கோடு போட்ட ஓர் அயிரை இனம், கட்டைவிரல் அளவுகூட இல்லாத குட்டிப் பேத்தை, நம் செங்கோட்டு மீன்கள்.

தடை மாதங்களிலும் ஏற்றுமதி நடந்திருந்தது. காரணம் புரிந்துகொள்ள எளியது. விதி கேரளத்துக்குரியது. பெட்டி ஏறிய விமான நிலையமோ பல வேளைகளில் வேறு மாநிலத்தில் இருந்தது. மீன் கேரள எல்லையிலுள்ள வாளையாற்றுச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் அது எந்த ஆற்றில், எந்த நாளில் பிடிபட்டது என்று கேட்க ஆளில்லை. சுங்கத் தாளில் உயிருள்ள வண்ணமீன் என்று எழுதினால் போதும். இனப் பெயர் கட்டாயமாக இருக்கவில்லை. காட்டில் ஒரு மயிலைப் பிடித்துப் பெட்டியில் வைத்து உயிருள்ள பறவை என்று எழுதி அனுப்ப முடியுமா? மயிலுக்கு 1972-இன் வனவிலங்குச் சட்டத்தில் இடமிருந்தது. மீன்களில் சுறா, திருக்கை, கடற்குதிரை போன்ற சில கடல் உயிர்கள் மட்டுமே நெடுங்காலம் அந்த அட்டவணைகளில் இருந்தன. நன்னீர் மீன் என்றால் அப்போதைய சட்டத்தின் பார்வையில் அது உணவு. அதைக் கவனிப்பது மீன்வளத் துறையின் வேலை. மீன்வளத் துறைக்கு முதல் வேலை உற்பத்தியைப் பெருக்குவது.

இந்த மீன் மட்டுமல்ல, இந்த மலையின் மீன்களே நெருக்கடியில் இருக்கின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜூ அவுட்ரீச் நிறுவனமும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் நன்னீர் உயிர்களைக் கணக்கெடுத்து 2011-இல் அறிக்கை வெளியிட்டன. மீன், நத்தை, தட்டான், நீர்த்தாவரம் என்று 1,146 இனங்களை ஆராய்ந்ததில் ஏறத்தாழ 16 விழுக்காடு அழிவின் அபாயத்தில் இருந்தன. மீன்களை மட்டும் தனியே எடுத்தால் அந்த அளவு 37 விழுக்காடு. தட்டானைவிட மீன் பல மடங்கு மோசமான நிலையில் இருப்பதற்குக் காரணம் கேட்டால் மூன்று சொல்லலாம்: தட்டானை யாரும் தின்பதில்லை, ஏற்றுமதி செய்வதில்லை, அணை கட்டினால் அது பறந்துவிடும்.

பொள்ளாச்சியின் தண்ணீர்

வலை ஒன்றையே குற்றம் சொல்வதும் சரியாகாது. மடுவில் வெடி போடுவதும் நஞ்சு கலப்பதும் 1897-இன் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றங்கள். நூறாண்டு கடந்தும் மலையோடைகளில் இரண்டும் ஓயவில்லை. தோட்டா ஒன்று வெடித்தால் தின்ன எடுக்கும் பெரிய மீன் நாலு மிதக்கும்; குஞ்சும் கெண்டைப்பொடியும் கணக்கில்லாமல் அடியில் கிடக்கும். மணல் அள்ளுவது முட்டையிடும் தரையையே எடுத்துவிடுகிறது. தேயிலை, ஏலத் தோட்டங்களின் பூச்சிமருந்து மழையோடு ஓடைக்கு வருகிறது.

பிறகு அணைகள். சாலக்குடி ஆற்றின் மேற்பகுதித் தண்ணீருக்கும் கொங்கு நாட்டுக்கும் உள்ள உறவு பலருக்கும் தெரிந்ததே. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், மேல் சோலையாறு ஆகியவற்றில் தேங்கும் நீர் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திரும்பிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் தென்னைக்கும் நிலக்கடலைக்கும் பாய்கிறது. மேற்கே போக வேண்டிய ஆறு கிழக்கே போகிறது. அந்தத் தண்ணீரால் பிழைக்கும் உழவர்களிடம் போய் மீனுக்காக மதகை மூடுங்கள் என்று எவரும் சொல்லப் போவதில்லை. ஆனால் சாலக்குடியின் செங்கோட்டு மீனுக்கு மிஞ்சியிருக்கும் ஓட்டமுள்ள நீர் எவ்வளவு அரியது என்பது இந்தக் கணக்கில் தெரியும். அதனால்தான் அதே ஆற்றில் அதிரப்பள்ளியில் 163 மெகாவாட் நீர்மின் திட்டம் என்று அறிவித்தபோது பழங்குடி மக்களும் ஆற்று ஆர்வலர்களும் மீன் ஆய்வாளர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் தலைமையிலான குழுவும் 2011-இல் அந்தத் திட்டம் வேண்டாம் என்றது. அணை இதுவரை எழவில்லை.

2018 ஆகஸ்ட் வெள்ளம் இன்னொரு ஆபத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கேரளத்தின் பண்ணைக் குளங்களும் தொட்டிகளும் உடைந்து, தென்னமெரிக்காவின் அரபைமா, வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீன் போன்றவை ஆறுகளில் பிடிபட்டன. அரபைமா ஆளுயரத்துக்கு மேல் வளரும் வேட்டைமீன். தொட்டிக்காகச் செங்கோட்டு மீனை வெளியே அனுப்பிய அதே வணிகப் பாதை, எதிர்த்திசையில் அதைத் தின்னக்கூடிய மீனை உள்ளே கொண்டுவந்தது.

தொட்டியில் பிழைத்தால் போதுமா?

பண்ணையில் வளர்த்து விற்றால் ஆற்றில் பிடிக்க வேண்டியதில்லையே என்ற கேள்வி எழும். நல்ல கேள்விதான். கொச்சியை அடுத்த பனங்காட்டிலுள்ள மீன்வளக் கல்லூரியில் அன்னா மெர்சியும் உடன் பணியாற்றியவர்களும் ஹார்மோன் ஊசி வழியாக இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்தார்கள். தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளும் இந்த வித்தையைக் கற்று, இப்போது உலகச் சந்தைக்குக் குஞ்சுகளை அனுப்புகின்றன. ஆற்றில் எங்கும் இல்லாத பொன்னிற வகைகூட விற்பனைக்கு வந்துவிட்டது. ஆற்றின்மீதிருந்த பளுவில் ஒரு பகுதி இதனால் குறையும். கேரளத்து ஓடைக்கரையில் வலை பிடித்தவருக்கு அந்த வருமானத்தில் பங்கில்லை என்பது இதன் மறுபக்கம்.

தொட்டியில் பெருகுவதும் ஆற்றில் பிழைப்பதும் வெவ்வேறு என்பதற்கு ஆசியாவிலேயே வேறு சான்றுகள் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரை ஒட்டிய வெண்மேக மலையில், சாரணர் படைத் தலைவர் டான் என்பவர் ஓடையில் கண்டெடுத்த சிறு கெண்டைப்பொடி ஒன்று 1932-இல் அவர் பெயரோடு அறிவியலில் ஏறியது. நாலு சென்டிமீட்டர் நீளம், குளிரைத் தாங்கும் உடல், மலிவு விலை. உலகம் முழுவதும் தொட்டிகளில் கோடிக்கணக்கில் பெருகியது. 1980-க்குப் பிறகு அந்த மலையில் அது கண்ணில் படவில்லை. இயற்கையில் அற்றுப்போய்விட்டது என்றே கருதினார்கள். 2000-க்குப் பிறகுதான் தென்சீனாவில் வேறு சில ஓடைகளில் மிஞ்சியவை தென்பட்டன. தாய்லாந்தின் செவ்வால் கருஞ்சுறா என்று கடைகளில் விற்கும் கெண்டை இனமும் அப்படித்தான்: எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும், தன் ஆற்றில் மட்டும் மிக அரிது.

இதற்கு மாறான வழியில் போனவர்களும் உண்டு. இலங்கையில் கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடைப் பகுதியில், வயலுக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் இடையே ஓடும் ஒரே ஓர் ஓடையில் வாழ்ந்தது பந்துல கெண்டை. மோரிஸ் கோட்டலாவும் ரோஹான் பெத்தியகொடவும் 1991-இல் அதை அறிவித்தார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத அந்த மீன் மிகக் கடுமையான அபாயப் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் ஓடையை அளந்தார்கள், மீனை எண்ணினார்கள், கரையோரத்து மக்களைக் காவலர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளமோ ஒரு குடம் பூச்சிமருந்தோ எல்லாவற்றையும் முடித்துவிடக்கூடும் என்பதால் அருகிலுள்ள வேறோர் ஓடையிலும் மீனைக் கொண்டுபோய் விட்டார்கள். ஆய்வும் அரசும் ஊரும் ஒரே ஓடையின் கரையில் சேர்ந்து நின்றதால் நடந்த வேலை அது.

தாமிரபரணியில் ஒரு கெண்டை

மிஸ் கேரளாவுக்குச் செய்ய வேண்டியவை மேலே சொன்னவற்றிலேயே அடங்கியிருக்கின்றன. தடை மாதங்களை அக்டோபர்–மார்ச் பருவத்தை ஒட்டி மாற்றி அமைக்க வேண்டும். ஏற்றுமதித் தாளில் இனப் பெயரும், பிடித்ததா வளர்த்ததா என்ற விவரமும் கட்டாயமாக வேண்டும். பண்ணைக் குஞ்சின் விற்பனையில் ஓடைக்கரை மக்களுக்குப் பங்கு தரும் கூட்டுறவுகள் வேண்டும். ஆறளம் போன்ற சரணாலயங்களில் யானைத் தாரையைக் கவனிக்கும் வனக்காவலருக்கு மடுவையும் கவனிக்கும் பொறுப்பு வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் வேலையில்லை என்று இருக்க முடியாது. சென்னைக் கொளத்தூர் இந்திய வண்ணமீன் வணிகத்தின் பெரிய சந்தைகளில் ஒன்று. சுற்றுவட்டாரத்தில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன்குஞ்சு எடுக்கும் குடும்பங்கள் நிறைய. கப்பியும் மோலியும் பொன்மீனும் அவர்கள் கையில் தலைமுறையாகப் பழகியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கெண்டைகளைத் தொட்டியில் பெருக்கும் நுட்பத்தை அவர்களுக்குச் சொல்லித் தந்தால், ஆற்றில் பிடித்த மீனுக்குப் போட்டியாக வளர்த்த மீன் சந்தையிலேயே வந்து நிற்கும்.

இன்னொன்று, நம் ஆறு. தாமிரபரணியில் மட்டும் வாழும் கெண்டை ஒன்று உண்டு. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல்நூலாக இழைகள் நீளும், உடலில் கரும்பட்டைகள். 1954-இல் இ.ஜி. சைலஸ் அதை அறிவித்து, ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார். டாகின்சியா தாம்பிரபர்ணியை என்று இன்று அழைக்கிறார்கள். பன்னாட்டுப் பட்டியலில் அதுவும் அழிவின் அபாயத்தில் உள்ள இனம். அதற்கும் தொட்டிமீன் சந்தையில் ஆள் உண்டு. மிஸ் கேரளாவுக்கு நேர்ந்தது அதற்கும் நேர வேண்டும் என்று விதியில்லை.

தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலியில் விலங்கியல் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. பாபநாசத்துக்குப் பேருந்தில் போய் வரும் தூரம்தான். துறையின் அனுமதியோடு தாமிரபரணியிலும் அதன் கிளைகளிலும் மாதம் ஒருமுறை வலையிட்டு, பிடிபட்டதை அளந்து, சினை நிலையைக் குறித்து, பெரும்பாலானவற்றை மீண்டும் நீரிலேயே விட்டு, நீரின் வெப்பத்தையும் ஓட்டத்தையும் எழுதிவைக்க ஒரு முதுகலை மாணவர் குழு போதும். இரண்டு ஆண்டுகள் அந்த ஏடு தவறாமல் நிரம்பினால், எந்த மாதம் தடை போடுவது என்று மீன்வளத் துறை கேட்கும் நாளில் கொடுக்க அவர்களிடம் பதில் இருக்கும். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பங்கை அந்த ஏட்டுக்கு ஒதுக்கலாமா என்று அதை நிறுவிய குடும்பத்தார் கருதிப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு இந்தச் சொற்பொழிவு நிறைவுபெறுகிறது.